பணப்பையை இணைக்கும் பொத்தானும் வெற்றுத்தாளில் வைக்கும் கைநாட்டும்

தோப்பூரில் உறுதிக்காணி ஒன்றை விற்க விரும்பும் ஒருவர் முதலில் நொத்தாரிசு ஒருவரைத் தேடிச் செல்கின்றார். கூடவே இரண்டு சாட்சிகளையும் அழைத்துச் செல்கின்றார். உறுதியில் எழுதப்பட்டிருப்பது என்னவென்று விளங்கிய பின்னரே அவர் கையொப்பமிடுகின்றார். சாட்சிகளும் நொத்தாரிசும் அவருக்கு முன்னிலையிலேயே கையொப்பமிடுகின்றனர். இந்த ஒழுங்கு நேற்று இன்று ஏற்பட்டதன்று. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டம் இதனை விதித்தது. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயியை ஏமாற்றி வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கிக் காணியைப் பறிப்பது அன்றும் இருந்தது என்பதனாலேயே அச்சட்டம் தேவைப்பட்டது.

அதே வீட்டின் திண்ணையில் அமர்ந்திருக்கும் மகன், தனது கையடக்கத் தொலைபேசியில் ஓர் இணையத்தளத்தைத் திறக்கின்றான். ‘பணப்பையை இணைக்கவும்’ என்று ஒரு பொத்தான் மின்னுகின்றது. அழுத்துகின்றான். அடுத்து ‘கையொப்பமிடவும்’ என்று வருகின்றது. அதனையும் அழுத்துகின்றான். சாட்சி இல்லை, நொத்தாரிசு இல்லை, வாசித்துக் காட்டுவோர் எவரும் இல்லை. தகப்பனின் அரை ஏக்கர் வயலை விடப் பெறுமதி கூடிய ஒன்றை அந்த இரண்டு அழுத்தல்களில் அவன் எழுதிக் கொடுத்திருக்கவும் கூடும். நாம் கற்பனையாகத் தீட்டிய காட்சிதான் இது. ஆயினும் உலகெங்கும் ஒவ்வொரு நாளும் நடைபெற்று வருவது இதுவேயாகும்.

மறைகுறி நாணயம் நல்லதா கெட்டதா என்ற வாதம் எமது சமூகங்களில் பல ஆண்டுகளாக நடைபெற்று வருகின்றது. அந்த வாதத்தின் நடுவே, பணம் உண்மையில் எந்த வாசலால் பறிபோகின்றது என்ற எளிய கேள்வி கேட்கப்படுவதில்லை. அந்த வாசல் பெரும்பாலும் இணையப் பக்கத்தின் முன்முகமே. பயனாளரின் கண்ணுக்குத் தெரியும் அந்தப் பக்கத்தின் நிரலில்தான் பணப்பை இணைக்கப்படுகின்றது. எனவே அந்த இணைப்பு எவ்வாறு நிகழ்கின்றது என்பதைச் சற்று விளக்கமாகக் கூறுதல் பொருத்தமாகும்.

எத்தீரியம் வலையமைப்பில் பயன்படுத்தப்படும் ‘மெட்டாமாஸ்க்’ போன்ற பணப்பைகள், கணினியின் உலாவியுடன் ஒட்டிக்கொள்ளும் சிறு மென்பொருள்களாகும். மெட்டாமாஸ்க் 2016 இல் வெளிவந்தது. ஓர் இணையப் பக்கம் திறக்கப்படும்போது இந்தப் பணப்பை அப்பக்கத்துக்குள் ஒரு சிறிய தொடர்புவாசலை வைக்கின்றது. பக்கத்தின் நிரல் அந்த வாசலைத் தட்டி, ‘உங்கள் கணக்கின் முகவரியைத் தருவீர்களா?’ என்று கேட்கின்றது. பணப்பை தனக்கே உரிய சாளரத்தைத் திறந்து உரிமையாளரின் சம்மதத்தைக் கேட்கின்றது. அவர் சம்மதித்தால் முகவரி மட்டும் பக்கத்துக்குக் கொடுக்கப்படுகின்றது. தொலைபேசியில் பணப்பை வைத்திருப்போர் கணினித் திரையில் தோன்றும் சதுரக் குறியீட்டைப் படம்பிடித்து இணைப்பதற்கு ‘வொலட்கனெக்ட்’ என்ற முறை 2018 இல் அறிமுகமானது.

இங்கு கவனிக்க வேண்டியது, இந்த முதற்படியில் எவரும் பணத்தை எடுத்துவிட முடியாது என்பதாகும். பணத்தை நகர்த்தும் அதிகாரம் தனித்திறவுகோலிடம் உள்ளது. அது பணப்பையை விட்டு வெளியே வருவதில்லை. இணைத்தல் என்பது ஓர் அறிமுகம் மாத்திரமே. ஆனால் அந்த அறிமுகத்துக்கும் ஒரு விலை உண்டு. ஒருவரின் முகவரி தெரிந்துவிட்டால் அவரிடம் எவ்வளவு இருக்கின்றது, யாருக்கு எப்போது அனுப்பினார் என்ற முழு வரலாறும் பொதுப் பேரேட்டில் எவருக்கும் திறந்தே கிடக்கின்றது. ஆரம்ப காலத்தில், மெட்டாமாஸ்க் வைத்திருந்தவரின் முகவரியை அவர் செல்லும் எந்தத் தளமும் கேளாமலே பார்க்கக்கூடியதாக இருந்தது. அதன் பின்னரே சம்மதம் கேட்கும் வழக்கம் வந்தது.

ஆபத்து இரண்டாவது படியில் ஆரம்பிக்கின்றது. அதுவே கையொப்பம். கையொப்பம் என்ற பெயரில் மூன்று வெவ்வேறு காரியங்கள் நடைபெறுகின்றன. ‘இந்த முகவரி என்னுடையதுதான்’ என்று நிரூபிப்பதற்கான கையொப்பம் ஒன்று. தளத்தினுள் நுழைவதற்கு இது பயன்படுகின்றது. பணத்தை நேரடியாக அனுப்புவதற்கான கையொப்பம் மற்றொன்று. மூன்றாவதே மிகவும் பாரதூரமானது. ‘எனது கணக்கிலுள்ள இந்த நாணயத்தை நீர் விரும்பியபோது எடுத்துக்கொள்ளலாம்’ என்று இன்னொரு தரப்புக்கு ஒப்புதல் வழங்கும் கையொப்பம் அது. எமது சட்டமொழியில் சொல்வதாயின் அது ஓர் அற்றோர்னித் தத்துவம். பல தளங்களின் நிரல், வசதி கருதி, தொகைக்கு வரம்பே இல்லாத ஒப்புதலைக் கேட்கின்றது. இன்று 10 டொலருக்காகக் கொடுக்கப்பட்ட ஒப்புதல், அடுத்த வருடம் அதே கணக்கில் சேரும் 10,000 டொலருக்கும் செல்லுபடியாகும். போதாக்குறைக்கு, 2020 இல் உருவான ‘பெர்மிட்’ என்ற முறையில் கட்டணம் எதுவும் செலுத்தாமல் வெறும் கையொப்பத்தினாலேயே இந்த அதிகாரத்தை வழங்கிவிடலாம். கட்டணம் கேட்கப்படாததால் ‘இதில் என்ன நட்டம்?’ என்று எண்ணிப் பலர் அழுத்திவிடுகின்றனர்.

இன்னுமொரு தவறான நம்பிக்கையையும் இங்கு களைய வேண்டியுள்ளது. தளத்திலிருந்து ‘துண்டிக்கவும்’ என்ற பொத்தானை அழுத்திவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். துண்டித்தல் என்பது அறிமுகத்தை முறிப்பது மட்டுமே. ஏற்கனவே எழுதிக் கொடுத்த ஒப்புதல் அந்த நாணயத்தின் ஒப்பந்த நிரலில் அப்படியே இருக்கும். அதனைத் தனியாக இரத்துச் செய்ய வேண்டும். வீட்டுக்கு வந்தவரை வாசல்வரை சென்று வழியனுப்பிவிட்டு, அவர் கையிலுள்ள திறப்பை வாங்க மறந்துபோவதற்கு இது ஒப்பானதாகும்.

இவை வெறும் ஊகங்கள் அல்ல. 2021 டிசெம்பரில் ‘பட்ஜர்’ என்ற தளத்தின் முன்முகத்தில் அந்நியர் சிலர் ஒரு சிறு நிரல்துண்டைச் செருகினர். தளத்தின் அடிப்படை ஒப்பந்தங்களில் எந்தப் பிழையும் இருக்கவில்லை. வழக்கமாக வந்து போகும் பக்கத்தில் வழக்கத்துக்கு மாறான ஓர் ஒப்புதல் கேட்கப்பட்டது, மக்கள் வழங்கினர். பறிபோனது ஏறத்தாழ 12 கோடி டொலர். 2023 டிசெம்பர் 14 ஆம் திகதி, வன்பொருள் பணப்பை தயாரிக்கும் ‘லெட்ஜர்’ நிறுவனத்தின் இணைப்பு நூலகம் களவாடப்பட்டது. நிறுவனத்தை விட்டு விலகிய ஊழியர் ஒருவரின் கணக்கு ஏமாற்றிப் பெறப்பட்டு, அதன் ஊடாக நஞ்சூட்டிய பதிப்பு வெளியிடப்பட்டது. பணப்பையை இணைக்கும் பொத்தானுக்காக அந்த நூலகத்தை நம்பியிருந்த பல தளங்கள் ஒரே நேரத்தில் கொள்ளையரின் வாசல்களாயின. ஒப்புதல்களை இரத்துச் செய்வதற்கென மக்கள் செல்லும் ஒரு தளமும் அவற்றுள் அடங்கியது என்பது இதிலுள்ள கசப்பான வேடிக்கையாகும். சில மணித்தியாலங்களில் ஆறு இலட்சம் டொலர் அளவில் பறிபோனது.

அண்டை நாடான இந்தியாவில் 2024 ஜூலை 18 ஆம் திகதி ‘வசீர்எக்ஸ்’ பரிமாற்றகத்திலிருந்து சுமார் 23 கோடி டொலர் களவாடப்பட்டது. திரையில் காட்டப்பட்ட விபரமும் உண்மையில் கையொப்பமிடப்பட்ட விபரமும் வெவ்வேறானவை என அந்நிறுவனம் கூறியது. 2025 பெப்ரவரி 21 ஆம் திகதி ‘பைபிட்’ பரிமாற்றகம் சுமார் 150 கோடி டொலரை இழந்தது. அந்நிறுவனம் பயன்படுத்திய பணப்பைத் தளத்தின் முன்முக நிரல் இரகசியமாக மாற்றப்பட்டிருந்தது. பல பொறுப்பாளர்கள் திரையைப் பார்த்து, எல்லாம் சரியே என நம்பி, ஒருவர்பின் ஒருவராகக் கையொப்பமிட்டனர். அமெரிக்காவின் சமஷ்டிப் புலனாய்வுப் பணியகம் இக்கொள்ளையை வடகொரியாவின் மீது சுமத்தியது. கோடிக்கணக்கில் சம்பளம் கொடுத்து நிபுணர்களை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கே இக்கதியென்றால் சாதாரண மக்களின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

இவ்விடத்தில் எமது நாட்டோடு தொடர்புடைய ஒரு சம்பவத்தை நினைவூட்ட விரும்புகின்றோம். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணக்கிலிருந்து 100 கோடி டொலர் அளவில் கொள்ளையிட முயற்சி நடந்தது. அதில் 2 கோடி டொலர் இலங்கையிலுள்ள ஓர் அமைப்பின் பெயருக்கு அனுப்பப்பட்டது. பெயரில் இருந்த ஓர் எழுத்துப்பிழை வங்கி ஊழியர்களின் கண்ணில் பட்டது, விசாரித்தனர், பணம் நிறுத்தப்பட்டுத் திரும்பிச் சென்றது. பிலிப்பைன்ஸுக்குச் சென்ற 8 கோடியே 10 இலட்சம் டொலர் அவ்வாறு தடுக்கப்படவில்லை. ஒரு மனிதன் இடையில் நின்று ‘இது சரிதானா?’ என்று கேட்டதே அங்கு 2 கோடி டொலரைக் காப்பாற்றியது. மறைகுறி நாணயத்தின் பேரேட்டில் அவ்வாறு கேட்பதற்கு எவரும் இல்லை. இடைத்தரகர் இல்லை என்பதே அதன் பெருமையாகப் பேசப்படுகின்றது. ஆனால் காவலாளியும் இல்லை என்பதே அதன் மறுபக்கம். அங்கு கடைசியாக எஞ்சி நிற்கும் காவல், பணப்பையின் அந்தச் சிறு சாளரமும் அதில் எழுதியிருப்பதை வாசிக்கும் மனிதனின் கண்ணும் மாத்திரமே.

எமது நாட்டுச் சட்டம் இவ்விடயத்தில் எங்கே நிற்கின்றது? மெய்நிகர் நாணயங்கள் தொடர்பாக இலங்கை மத்திய வங்கி 2018 முதல் பொதுமக்களை எச்சரித்து வந்துள்ளது. 2021 ஏப்ரலிலும் 2022 ஜூலையிலும் விடுத்த அறிவித்தல்களில், அத்தகைய நாணயத் திட்டங்களை நடத்துவதற்கு எந்த நிறுவனத்துக்கும் தான் உரிமம் வழங்கவில்லை என்று அது தெரிவித்தது. இலத்திரனியல் நிதிய மாற்றல் அட்டைகள் மூலம் மெய்நிகர் நாணயங்களுக்குக் கொடுப்பனவு செய்வதற்கும் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழான 2021 ஆம் ஆண்டுப் பணிப்புரையில் இடமளிக்கப்படவில்லை. இழப்பு நேர்ந்தால் ஈடு கேட்பதற்கு ஒழுங்குமுறைக்கு உட்பட்ட நிறுவனம் எதுவும் இல்லை என்பதே இதன் நடைமுறைப் பொருளாகும்.

2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் நிறைவேற்றப்பட்டபோது, சில ஆவணங்களை அது வேண்டுமென்றே தனது எல்லைக்கு வெளியே வைத்தது. இறுதி விருப்பாவணம், அசையா ஆதன விற்பனை, அற்றோர்னித் தத்துவம் என்பன அவற்றுள் அடங்கின. சில அதிகாரங்களை ஒரு பொத்தானின் அழுத்தலில் கைமாற்றக் கூடாது என்பதே அதன் உட்கருத்து. ஆனால் நாம் மேலே விபரித்த ஒப்புதல் கையொப்பம் செய்வதெல்லாம் அதனையே. சட்டம் தயங்கிய இடத்தில் நிரல் தயங்காமல் நடக்கின்றது.

2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று அறிவித்தது. ரூபாவின் பெறுமதி சில மாதங்களிலேயே பாதியளவாகச் சரிந்தது. வங்கியில் வைத்த பணம் கரைந்துபோவதைக் கண்ணால் கண்ட மக்கள் டொலரில் பேசும் எதனையும் நம்பத் தலைப்பட்டதில் வியப்பில்லை. அந்நிலையைப் பயன்படுத்திய கும்பல்களும் இருந்தன. ‘ஸ்போர்ட்ஸ் செயின்’, ‘எம்.ரி.எவ்.ஈ.’ என்ற பெயர்களிலான செயலிகளைத் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களாக மத்திய வங்கி பெயர் குறித்து அறிவிக்க வேண்டியதாயிற்று. அவை ஆசை காட்டிப் பணத்தைக் கேட்டு வாங்கியவை. பணப்பை இணைப்பின் ஊடாக நடைபெறும் திருட்டோ கேட்டு வாங்குவதுமில்லை. கையொப்பத்தை மட்டுமே கேட்கின்றது. எனவே முன்னையதிலிருந்து தப்பிய புத்திசாலியும் பின்னையதில் விழக்கூடும்.

தோப்பூர், மூதூர், கிண்ணியா, கிளிவெட்டி, சேருநுவர என்ற இப்பிரதேசத்தின் பணம் எவ்வாறு சேர்கின்றது என்பதை அறியாதார் இல்லை. வயலும் கடலும் கால்நடையும் கொடுப்பது ஒரு பங்கு. மத்திய கிழக்கில் சாரதியாகவும் வீட்டுப் பணியாளராகவும் கழியும் ஆண்டுகள் கொடுப்பது மறுபங்கு. 2004 இல் ஆழிப்பேரலையையும் 2006 இல் யுத்த இடப்பெயர்வையும் அடுத்தடுத்துக் கண்டு, தமிழர் முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி மீண்டும் பூச்சியத்திலிருந்து ஆரம்பித்த குடும்பங்கள் இவை. இங்கு ஒரு குடும்பத்தின் சேமிப்பு போய்விட்டால் ஒரு குமரின் திருமணம் தள்ளிப்போகின்றது, பாதியில் நிற்கும் வீடு பாதியிலேயே நிற்கின்றது. திருட்டு நடந்தது எந்த நாட்டில் என்று கூடத் தெரியாத நிலையில் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டை எழுதுபவருக்கும் என்ன எழுதுவதென்று விளங்குவதில்லை.

இந்த விடயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதுவே எம்மை அதிகம் சிந்திக்க வைக்கின்றது. எமது இளைஞர்கள் பணத்தை இழப்பவர்களாக மட்டும் இல்லை. இந்தப் பொத்தான்களை எழுதுபவர்களாகவும் இருக்கின்றனர். கணினிக் கல்வி கற்ற பலர் இன்று வீட்டிலிருந்தவாறே வெளிநாட்டாருக்கு இணையப் பக்கங்களை அமைத்துக் கொடுத்து வருமானம் பெறுகின்றனர். இது வரவேற்கத்தக்க முன்னேற்றமாகும். ஆனால் முகம் தெரியாத ஒருவர், ‘பணப்பையை இணைக்கும் ஒரு பக்கம் வேண்டும்; இந்தக் கையொப்பக் கோரிக்கையை அதில் சேர்த்துவிடு’ என்று கூறும்போது, அது எதற்கான கோரிக்கை என்று விளங்கிக்கொள்ளாமல் எழுதிக் கொடுப்பவர் ஒரு கொள்ளைக்குக் கதவு செய்து கொடுத்தவராகவும் ஆகிவிடலாம். பணப்பையை உறிஞ்சும் நிரல்களை வாடகைக்கு விடும் கும்பல்கள் உலகில் தொழிற்படுகின்றன. ‘இன்ஃபெர்னோ’ என்ற பெயரில் 2022 இன் இறுதியிலிருந்து ஓராண்டு காலம் இயங்கிய ஒரு கும்பல், திருடியதில் 20 வீதத்தைத் தான் எடுத்துக்கொண்டு மிகுதியைப் பக்கம் அமைத்தவர்களுக்கு விட்டுக்கொடுத்தது. அது 8 கோடி டொலருக்கும் மேல் திருடியதாக ‘குரூப்-ஐபி’ என்ற பாதுகாப்பு நிறுவனம் கணித்தது. ‘எனக்குத் தெரியாது, நான் கூலிக்கு எழுதினேன்’ என்ற பதில், 2007 ஆம் ஆண்டின் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் முன் எந்தளவுக்கு நிற்கும் என்பது ஒரு புறமிருக்க, மனச்சாட்சியின் முன் அது நிற்காது.

மறைகுறி நாணயம் பற்றி மார்க்க அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 2018 இல் எகிப்தின் தாருல் இஃப்தா பிட்கொயின் வியாபாரத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2021 நவம்பரில் இந்தோனேசிய உலமா சபை அதனை நாணயமாகப் பயன்படுத்துவதைத் தடுத்தது. மலேசியாவில் பிணையங்கள் ஆணைக்குழுவின் ஷரீஆ ஆலோசனைச் சபை 2020 இல் டிஜிட்டல் சொத்து வர்த்தகத்துக்கு நிபந்தனைகளுடன் இடமளித்தது. அந்த வாதத்தில் தீர்ப்புச் சொல்வது எமது பணியன்று. ஆனால் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துச் சாட்சி வைத்துக்கொள்ளுமாறு பணிக்கும் மார்க்கத்தைப் பின்பற்றுவோரும், சொன்ன சொல்லையும் இட்ட கையொப்பத்தையும் மானமாகக் கருதும் மரபில் வந்தோரும், வாசிக்காமல் ஒப்பமிடுவது தவறு என்பதில் மட்டும் முரண்பட இடமில்லை. அமானிதம் என்றாலும் நம்பிக்கைப் பொறுப்பு என்றாலும் பொருள் ஒன்றே.

எனவே நிரல் எழுதும் இளைஞர்களுக்கு நாம் சிலவற்றைக் கூற விரும்புகின்றோம். பக்கம் திறந்தவுடனேயே பணப்பையை இணைக்கக் கேட்காதீர்கள்; தேவைப்படும் இடத்தில் மட்டும், ஏன் கேட்கின்றோம் என்று எழுதிக் கேளுங்கள். மீட்புச் சொற்களைத் தட்டச்சு செய்யும் பெட்டியை எந்தப் பக்கத்திலும் வைக்காதீர்கள். நேர்மையான தளமெதற்கும் அது தேவைப்படுவதில்லை. ஒப்புதல் கேட்பதாயின் தேவையான தொகைக்கு மட்டும் கேளுங்கள். நுழைவுக்கான கையொப்பத்தில் தளத்தின் பெயரும் ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் இலக்கமும் இருக்கட்டும். அதனைச் சரிபார்ப்பது சேவையகத்தில் நடைபெறட்டும். பிறர் எழுதிய நூலகங்களைப் பயன்படுத்தும்போது பதிப்பைப் பூட்டி வையுங்கள். லெட்ஜர் விவகாரத்தில் நஞ்சு அவ்வளவு விரைவாகப் பரவியதற்குக் காரணம், புதிய பதிப்பு எதுவாயினும் அதனைத் தானாகவே இழுத்துக்கொள்ளும் ஏற்பாடாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, பயனாளர் எதில் கையொப்பமிடப் போகின்றார் என்பதைப் பொத்தானுக்கு மேல் தமிழில் எழுதுங்கள். நொத்தாரிசு உறுதியை வாசித்துக் காட்டுவது போன்ற கடமை அது.

பயனாளர்களுக்குக் கூற வேண்டியவையும் உண்டு. சேமிப்பு இருக்கும் பணப்பையை எந்தத் தளத்துடனும் இணைக்காதீர்கள். அதற்கென வேறாக, சிறு தொகையுடன் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் அனுப்பிய இணைப்பு என்பதற்காகத் திறக்காதீர்கள். பணப்பையின் சாளரத்தில் விளங்காத எழுத்துகள் தோன்றினால் நிராகரியுங்கள். நிராகரிப்பதால் எவரும் எதனையும் இழந்ததில்லை. பழைய ஒப்புதல்களை அவ்வப்போது பார்த்து இரத்துச் செய்யுங்கள்.

அரசின் பங்கு எச்சரிக்கை அறிக்கைகளுடன் நின்றுவிடக் கூடாது. மத்திய வங்கியின் அறிவித்தல்கள் பத்திரிகையில் ஒரு நாள் வந்து மறைந்துவிடுகின்றன. அவை பிரதேச செயலகங்களிலும் வங்கிக் கிளைகளிலும் வெளிநாட்டு வேலைக்குச் செல்வோருக்கான பயிற்சியிலும் விளங்கும் தமிழில் எடுத்துரைக்கப்பட வேண்டும். பாடசாலைகளில் தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்கள், இலத்திரனியல் கையொப்பம் என்பது என்னவென்பதை ஒரு பாடமாகவேனும் கற்பிக்கலாம். பள்ளிவாசல்களும் கோயில்களும் சங்கங்களும் தமது கூட்டங்களில் இதற்காகப் பத்து நிமிடங்களை ஒதுக்கலாம். மாவட்டப் பொலிஸ் நிலையங்களில் இத்தகைய முறைப்பாட்டைத் தமிழில் ஏற்று, உரிய பிரிவுக்கு அன்றைக்கே அனுப்பக்கூடிய பயிற்சி பெற்ற ஒருவரேனும் இருத்தல் அவசியமாகும். களவாடப்பட்ட நாணயம் கைமாறும் வேகத்துக்கு முன்னால் ஒரு வார தாமதம் என்பது ஒரு யுகத்துக்குச் சமமாகும்.

1840 இல் ஒரு குடியேற்ற அரசு கூட, எழுத்தறிவற்ற குடியானவனின் கைநாட்டுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டுமென்று கருதியது. இன்று எழுத்தறிவில் நாம் வெகுதூரம் முன்னேறிவிட்டோம். ஆனால் இந்தப் புதிய எழுத்தை வாசிப்பதில் பெரும்பாலோர் இன்னும் கைநாட்டுக்காரர்களாகவே இருக்கின்றோம். அதனை வாசிக்கத் தெரிந்த சிலர் எமது ஊர்களிலேயே உருவாகி வருகின்றனர். அவர்கள் தமது அறிவை எந்தப் பக்கத்தில் நின்று பயன்படுத்தப் போகின்றனர் என்பதிலேயே பலருடைய பல்லாண்டு உழைப்பு தங்கியிருக்கின்றது. பொத்தானை எழுதுபவரும் அழுத்துபவரும் ஒரே ஊரைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம் என்பதை இருவருமே மறவாதிருத்தல் நன்று.